வைப்பர் முதல் ரூஃப் கான்கிரீட் வரை... கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்தது என்ன?

காரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். லேசான தூறல். வைப்பரை நிற்காமல் ஓடவிட்டால் காய்ந்த கண்ணாடியில் உரசி 'கிரீச் கிரீச்' என்று சத்தம் போடும். நிறுத்திவிட்டால் சாலை தெரியாது. அதனால் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை ஒரு தட்டு தட்டுகிறீர்கள். வைப்பர் ஒருமுறை துடைக்கிறது. சில நொடிகள் சும்மா இருக்கிறது. மறுபடியும் துடைக்கிறது.

அந்தச் சில நொடி இடைவெளிக்காக ஒரு மனிதர் தன் வாழ்க்கையின் பல ஆண்டுகளை கோர்ட் வாசலில் கழித்தார் என்றால் நம்ப முடிகிறதா?

வைப்பர் மட்டுமில்லை. காரில் மாட்டும் சீட் பெல்ட், வீட்டில் இருக்கும் தையல் மிஷின், தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் கூரை என நாம் தினமும் பயன்படுத்தும் பல பொருள்களுக்குப் பின்னால் ஒரு காப்புரிமைக் கதை இருக்கிறது. காப்புரிமை, அதாவது பேட்டன்ட் என்பது அரசாங்கம் தரும் ஒரு தற்காலிக உரிமை. 'இதை எப்படிச் செய்வது என்று ஊருக்கே எழுதிக் கொடுத்துவிடு. பதிலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் இதைச் செய்ய முடியாது' என்பதுதான் ஒப்பந்தம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் காகிதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி சோறு போடவில்லை.

முந்திக்கொண்ட மேரி ஆண்டர்சன்

முதலில் வைப்பர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தார். பனி கலந்த மழை. டிராம் வண்டியின் டிரைவர் முன்பக்கக் கண்ணாடியைத் திறந்துவைத்து, முகத்தில் பனி அடிக்க அடிக்க வண்டி ஓட்டுவதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்க வேறு வழியே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு கருவியை வடிவமைத்தார். உள்ளே இருக்கும் கைப்பிடியை டிரைவர் அசைத்தால், வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும். 1903 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1905-ல் கனடா நிறுவனம் ஒன்றிடம் விற்கப் பார்த்தார். 'இதற்குப் பெரிய வியாபார மதிப்பு இல்லை' என்று பதில் வந்தது.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1905-ல் சாலையில் கார்களே குறைவு. ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி கார்கூட 1908-ல்தான் வந்தது. மேரியின் காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டுகள். 1920-ல் அது முடிந்தது. கார்களில் வைப்பர் சகஜமானது அதற்குப் பிறகுதான். அந்தக் காப்புரிமையால் மேரிக்கு ஒரு காசுகூட வரவில்லை. 2011-ல் அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தபோது, அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கண் சிமிட்டலில் பிறந்த வைப்பர்

இப்போது அந்தச் சில நொடிக் கதைக்கு வருவோம். ராபர்ட் கியர்ன்ஸ், அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சேர்ந்த இன்ஜினீயரிங் பேராசிரியர். 1953-ல் தன் திருமண இரவில் ஷாம்பெயின் பாட்டிலைத் திறந்தபோது, தெறித்த கார்க் அவருடைய இடது கண்ணைத் தாக்கியது. அந்தக் கண்ணில் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது.

சில ஆண்டுகள் கழித்து மழையில் கார் ஓட்டும்போது அவருக்கு ஒன்று தோன்றியது. கண் இமை நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பதில்லையே... தேவையானபோது சிமிட்டுகிறது, பிறகு ஓய்வெடுக்கிறது. வைப்பர் மட்டும் ஏன் அப்படி இருக்கக் கூடாது?

டிரான்சிஸ்டர், கெபாசிட்டர், கூட்டிக் குறைக்கக்கூடிய ரெசிஸ்டர் ஆகியவற்றை வைத்து ஒரு சர்க்யூட் செய்தார். கெபாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் நிரம்பும். குறிப்பிட்ட அளவை எட்டியதும் வைப்பர் மோட்டார் ஒருமுறை ஓடும். மறுபடி நிரம்பும் வரை ஓய்வு. ரெசிஸ்டரைத் திருகினால் இடைவெளி கூடும், குறையும். 1963-ல் ஃபோர்டு நிறுவனத்திடம் அதைக் காட்டினார். 1964-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1967-ல் பெற்றார். தானே தொழிற்சாலை வைத்து இதைத் தயாரிக்க வேண்டும் என்பது அவர் கனவு.

ஒப்பந்தம் கைகூடவில்லை. ஆனால், 1969-ல் ஃபோர்டு கார்களில் இடைவெளிவிட்டுத் துடைக்கும் வைப்பர் வந்துவிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களின் கார்களிலும் வந்தது.

1978-ல் ஃபோர்டு மீதும், 1982-ல் கிரைஸ்லர் மீதும் வழக்குப் போட்டார் கியர்ன்ஸ். 'இந்த உதிரிபாகங்கள் எல்லாம் ஏற்கெனவே கடையில் கிடைப்பவைதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்பது எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்று. அரிசி, பருப்பு, புளி எல்லாம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதற்காகப் புது சமையல் குறிப்பே கிடையாதா என்று நம் வீட்டுப் பாட்டிகள் கேட்பார்களே, கிட்டத்தட்ட அதுதான் கியர்ன்ஸ் தரப்பின் பதிலும்.

1990-ல் ஃபோர்டு வழக்கில் ஜூரி அவருடைய காப்புரிமை மீறப்பட்டதாகச் சொன்னது. ஆனால், வேண்டுமென்றே மீறவில்லை என்றும் சொன்னது. சுமார் 1 கோடி டாலர் வந்தது. கிரைஸ்லர் வழக்கில் வக்கீலை விட்டுவிட்டுத் தானே வாதாடினார். பிள்ளைகள் கோப்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் ஜெயித்தார். வட்டியோடு சேர்த்து சுமார் 3 கோடி டாலர்.

பெரிய வெற்றிதான். ஆனால், அதற்குள் காப்புரிமையின் காலமே முடிந்துபோயிருந்தது. மனைவியோடு விவாகரத்து, மனநலப் பாதிப்பு என அவர் இழந்தவையும் அதிகம். மற்ற கார் நிறுவனங்கள் மீதான வழக்குகள் ஆவணங்களைக் காலத்தில் தாக்கல் செய்யாததால் தள்ளுபடி ஆயின. கனவு கண்ட தொழிற்சாலை கடைசிவரை வரவேயில்லை. 2005-ல் கியர்ன்ஸ் காலமானார். 2008-ல் அவருடைய கதை 'ஃப்ளாஷ் ஆஃப் ஜீனியஸ்' என்ற பெயரில் ஹாலிவுட் படமாக வந்தது.

கதவைத் திறந்துவைத்த வால்வோ

அதே காரில் இன்னொரு காப்புரிமையும் இருக்கிறது. அதன் கதை நேர்மாறானது.

சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் போலின், போர் விமானங்களின் விமானி இருக்கைகளை வடிவமைத்த இன்ஜினீயர். 1958-ல் வால்வோ நிறுவனத்தில் சேர்ந்தார். அப்போது இருந்த பெரும்பாலான சீட் பெல்ட்கள் வயிற்றுக்குக் குறுக்கே மட்டும் கட்டுபவை. விபத்து நடந்தால் பெல்ட்டே வயிற்றுக்குள் காயத்தை உண்டாக்கும், மேல் உடம்பு முன்னால் போய் மோதும்.

போலின் தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று எனப் போகும் ஒரே பட்டையை, இருக்கைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் மாட்டும்படி செய்தார். ஒரு கையால் மாட்டிவிடலாம். ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்திலும் 'க்ளிக்' என்று மாட்டுகிறோமே, அந்த எளிமைதான் அவருடைய சாதனை. கஷ்டமாக இருந்தால் யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

1959-ல் வால்வோ கார்களில் அது வந்தது. காப்புரிமையும் இருந்தது. வால்வோ நினைத்திருந்தால் ஒவ்வொரு காருக்கும் ராயல்டி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எந்த நிறுவனமும் இந்த வடிவமைப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தது. இன்று எந்த நிறுவனத்தின் காரில் ஏறினாலும் நம் தோளில் விழுவது அந்தப் பட்டைதான்.

காது முனைக்கு வந்த கதை

காரைவிட்டு இறங்கி வீட்டுக்குள் வருவோம். கையால் தைக்கும் ஊசிக்குக் காது எங்கே இருக்கும்? பின்பக்கம். தையல் மிஷின் ஊசிக்கு? முனையிலேயே. துணிக்கு மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். முனையில் காது இருப்பதால் மேல் நூல் துணிக்கு அடியில் ஒரு வளையம் போடும். அதற்குள் கீழ் நூல் புகுந்து முடிச்சாகும்.

1830-களிலேயே நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் இப்படி ஒரு மிஷினைச் செய்துவிட்டார். ஆனால், காப்புரிமை வாங்கவில்லை. கையால் தைத்துப் பிழைக்கும் பெண்களுக்கு வேலை போய்விடும் என்று மகள் தயங்கியதும் ஒரு காரணம் என்பார்கள். இதே ஹன்ட்தான் சேஃப்டி பின்னையும் கண்டுபிடித்தவர். 15 டாலர் கடனை அடைக்க, 1849-ல் அந்தக் காப்புரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். நம் அம்மாக்கள் வளையலில் கோத்து வைத்திருக்கும் அதே ஊக்குதான்!

ஹன்ட் செய்யாததை எலியாஸ் ஹோவ் செய்தார். 1846-ல் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்க ஆள் இல்லை. இங்கிலாந்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கும் விடிவு இல்லை. கையில் காசில்லாமல் ஊர் திரும்பியபோது, மனைவி மரணப் படுக்கையில் இருந்தார். ஊரில் ஐசக் சிங்கர் உட்பட பலர் அதே வகை மிஷினை விற்க ஆரம்பித்தார்கள்.

வழக்குப் போட்டார் ஹோவ். 'இதை ஹன்ட் முன்பே செய்துவிட்டாரே' என்று எதிர்த்தரப்பு பழைய மிஷினைத் தேடிக்கொண்டு வந்தது. பதிவு செய்யாமல் கைவிட்ட கண்டுபிடிப்பு செல்லவில்லை. 1854-ல் ஹோவ் ஜெயித்தார். 1856-ல் ஹோவும் சிங்கரும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே கூட்டில் போட்டார்கள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மிஷினுக்கும் ஹோவுக்கு 5 டாலர். கையில் காசில்லாமல் ஊர் திரும்பியவர் சம்பாதித்தது சுமார் 20 லட்சம் டாலர். சிங்கர் நிறுவனமோ தவணை முறையில் மிஷின் விற்று உலகம் முழுக்கப் பரவியது.

பூந்தொட்டியிலிருந்து ரூஃப் வரை

கடைசியாக, தலைக்கு மேலே பார்ப்போம். ரூஃப் போடும் நாளில் சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அழுத்தினால் கான்கிரீட் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். இழுவிசையைத் தாங்கத்தான் கம்பி. வெயிலில் கான்கிரீட்டும் கம்பியும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால், இரண்டும் பிரிந்துவிடுவதில்லை.

இதற்கு 1867-ல் காப்புரிமை வாங்கியவர் இன்ஜினீயர் இல்லை, தோட்டக்காரர். பிரான்ஸைச் சேர்ந்த ஜோசப் மோனியே. சிமென்ட் பூந்தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால், உள்ளே இரும்புக் கம்பி வலை வைத்தார். அவருக்கு முன்பே ஜோசப்-லூயி லாம்போ என்ற பிரெஞ்சுக்காரர் இதே போன்ற முறையில் படகு செய்து 1855-ல் காப்புரிமையும் வாங்கியிருந்தார். ஆனால், மோனியே தொட்டியோடு நிற்கவில்லை. குழாய், பாலம், உத்தரம் என அடுத்தடுத்துக் காப்புரிமை வாங்கினார். 1875-ல் பிரான்ஸின் ஷாஸலே என்ற ஊரில் அவருடைய முறையில் ஒரு பாலமே கட்டப்பட்டது.

பெரிய பணம் பார்த்தது அவர் இல்லை. உரிமையை விலைக்கு வாங்கிய ஜெர்மன் கட்டுமான நிறுவனங்கள்தான். கம்பி சரியாக எந்த இடத்தில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு நிரூபித்ததும் அங்கிருந்த இன்ஜினீயர்கள்தான். 1888-ல் மோனியே திவாலானார். அவர் பெயர் மட்டும் நிலைத்தது. கான்கிரீட் கம்பிக்கு ஜெர்மன் மொழியில் 'மோனியர் இரும்பு' என்றே ஒரு பெயர் உண்டு.

சரி, நம் வீட்டில் ஒருவர் கண்டுபிடித்தால்?

இந்தக் கதைகளைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது. கண்டுபிடிப்பது வேறு, அதைப் பதிவு செய்வது வேறு, அதில் பணம் பார்ப்பது வேறு. உங்கள் வீட்டிலும் லேத் பட்டறையிலோ, கட்டட வேலையிலோ, காலேஜ் புராஜெக்ட்டிலோ புதிதாக ஏதாவது செய்து வைத்திருப்பவர் இருக்கலாம். அவருக்காகச் சில தகவல்கள்:

* முதலில் விண்ணப்பம், பிறகு வீடியோ. வெளியே காட்டிவிட்டால் 'இது புதிது' என்று சொல்லும் தகுதியே போய்விடலாம். ரீல்ஸ், யூடியூப் எல்லாம் விண்ணப்பித்த பிறகு.

* முழுதாக முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. தற்காலிக விண்ணப்பம் கொடுத்து தேதியைப் பிடித்துவைக்கலாம். 12 மாதங்களுக்குள் முழு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

* யோசனைக்கு மட்டும் காப்புரிமை இல்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டும். புதிதாக இருக்க வேண்டும், அந்தத் துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடாது, தொழிலில் பயன்பட வேண்டும்.

* கட்டணம்: தனிநபர்கள் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. விண்ணப்பத்தை எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜென்டுக்கு ஆகும் செலவு வேறு.

* பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருந்தால் நடக்காது. 31 மாதங்களுக்குள் தனியாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும்.

* ஆயுள் 20 ஆண்டுகள். விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கு. உரிமையைத் தக்கவைக்க ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும்.

தமிழகத்துக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

காப்புரிமை கையில் இருந்தும் மேரிக்குக் காசு வரவில்லை. கியர்ன்ஸுக்கு வந்த பணம், காலம் கடந்து வந்தது. ஆனால், அவர்கள் இருவரும் அன்றைக்கு அந்த விண்ணப்பத்தை எழுதியதால்தான், 'இதைச் செய்தது இவர்' என்று இன்று நம்மால் பெயர் சொல்ல முடிகிறது. உங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பாளரின் டிசைன் இப்போது எந்த நோட்டில், எந்த டிராயரில் கிடக்கிறது? இன்று சாயங்காலம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்!