நான்கு சிறு சுரப்பிகளும் ஒரு குடும்பமும்

திருப்பாலைக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள நம் கடற்கரையில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் என்றால், “உப்புத் தண்ணீர் செய்த வேலை” என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். வெயிலில் உழைப்பதும் போதிய நீர் அருந்தாமையும் கல்லுக்குக் காரணமாவது உண்மையே. ஆயினும் தந்தைக்கு வந்த கல் மகனுக்கும் மகளுக்கும் இளவயதிலேயே திரும்பத் திரும்ப வருமாயின், பழியைக் கிணற்றின்மேல் மட்டும் போடலாகாது. கழுத்தையும் சோதிக்க வேண்டும்.

கழுத்தையா? ஆம். தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில் பயற்றளவே உள்ள நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. பாராதைராய்டு என்பது இவற்றின் பெயர். 1880இல் சுவீடன் நாட்டு மருத்துவ மாணவர் ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம் மனித உடலில் இவற்றைக் கண்டு விளக்கி எழுதினார். இரத்தத்திலுள்ள கால்சியத்தைச் சீராக வைத்திருப்பதே இவற்றின் பணி. இவை அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து இரத்தத்தில் சேரும், எலும்பு வலுவிழக்கும், சிறுநீரகத்தில் கல் உண்டாகும், சோர்வும் மலச்சிக்கலும் மனத்தளர்ச்சியும் வாட்டும்.

பெரும்பாலோர்க்கு நான்கில் ஒன்று மட்டுமே கட்டியாக வளர்கிறது. அதை நீக்கினால் நோய் தீர்ந்தது. பரம்பரை நோயில் நிலைமை வேறு. 1954இல் பால் வெர்மர் என்ற அமெரிக்க மருத்துவர், ஒரே குடும்பத்தில் பல சுரப்பிகளில் கட்டிகள் தோன்றுவதையும், அது வழிவழியாக இறங்குவதையும் எடுத்துரைத்தார். எம்.இ.என். 1 என்று இன்று அழைக்கப்படும் இந்நோய்க்குரிய மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. பெற்றோருள் ஒருவருக்கு இக்குறை இருந்தால், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. கணையத்திலும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் கட்டிகள் தோன்றலாம். எனினும் பெரும்பாலும் முதலில் குரல் கொடுப்பது பாராதைராய்டே.

இங்கு நான்கு சுரப்பிகளுமே நோயுற்றவை. ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றவை நாளடைவில் அதே தொல்லையைத் தரும். ஆகவே மூன்றரைச் சுரப்பிகளை நீக்கி, அரைச் சுரப்பியை மட்டும் விட்டுவைப்பர். சிலருக்கு நான்கையும் எடுத்து, அவற்றின் சிறு துணுக்குகளை முன்கைத் தசையில் நட்டுவைப்பர். பின்னாளில் அது மிகுந்து சுரந்தால் கழுத்தை மீண்டும் கீறாமல் கையிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

இச்சுரப்பி சில வேளைகளில் இடம் மாறி மார்புக்குள்ளும் ஒளிந்திருக்கும். அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெல் என்பவருக்கு 1926 முதல் 1932 வரை ஏழு முறை அறுவை செய்தனர். ஏழாம் முறைதான் மார்பினுள் கட்டி அகப்பட்டது. காலம் கடந்துவிட்டபடியால், சில வாரங்களில் அவர் இறந்தார். மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியிலும் பாராதைராய்டு திசு மறைந்திருக்கக்கூடும் என்பதால், பரம்பரை நோயாளிகளுக்கு அதையும் கழுத்து வழியாகவே சேர்த்து நீக்குவது வழக்கம்.

எம்.இ.என். 2 என்ற இன்னொரு பரம்பரை நோயும் உண்டு. அதில் தைராய்டில் புற்றுநோயும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கட்டியும் வரலாம். அட்ரினல் கட்டியை அறியாமல் மயக்கமருந்து கொடுத்தால், இரத்த அழுத்தம் திடீரென எகிறி உயிருக்கே உலை வைக்கும். எனவே முதலில் அதைச் சோதித்து, இருந்தால் அதற்கே முன்னதாக அறுவை செய்வர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய அறுவைக்கென்றே தனித்துறைகள் உள்ளன. அறுவைக்குப்பின் உதடும் விரல் நுனியும் மரமரத்தால் கால்சியம் குறைந்ததென்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருத்துவர் கூறும் காலம்வரை கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தலாகாது.

ஆனால் எத்துணைத் திறமை வாய்ந்த மருத்துவருக்கும் ஒரு செய்தியை நாம்தான் தரவேண்டும். அதுவே குடும்ப வரலாறு. “சொன்னால் பெண்ணுக்கு நல்ல சம்பந்தம் வராதே” என்று மறைப்போர் உண்டு. மறைப்பதால் நோய் மறைந்துவிடுமா? நான்கு சுரப்பிக்குரிய அறுவை ஒன்றோடு நின்றுவிடும். அண்ணனுக்குத் தெரிந்தது தங்கைக்குத் தெரியாமலே போகும். ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் இரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மரபணுச் சோதனை பற்றியும் மருத்துவரைக் கேட்க வேண்டும். குறை இல்லையென்று தெரிந்தவர் வீண் அச்சம் நீங்கி வாழலாம். இருப்பவரோ, எலும்பு தேயுமுன் காக்கப்படலாம்.

பெற்றோரே, வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தது, யாருக்கு எந்த அறுவை நடந்தது என்பதை ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். நிலப்பத்திரத்தைப் போல அதையும் பிள்ளைகள் கையில் ஒப்படையுங்கள்.