மதிப்பெண்ணே இல்லாத அந்த 25 கேள்விகள்!

மொத்தம் 150 கேள்விகள், 3 மணி நேரம். அதில் 25 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது! அவை எவை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. கண்டுபிடிக்கவும் முடியாது. மற்ற 125 கேள்விகளோடு அச்சு அசலாகக் கலந்திருக்கும்.

அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் பெருமையோடு போட்டுக்கொள்ளும் நான்கு எழுத்துகள் சி.சி.ஆர்.என். அதற்கான தேர்வுதான் இது. இதை எழுதாமலும் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கலாம், சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் நைட் டியூட்டி முடிந்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் படிக்கிறார்கள். அப்படி என்னதான் படிக்கிறார்கள், அந்தக் கேள்விகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று துருவிப் போனால், சுவாரசியம் கொட்டிக் கிடக்கிறது!

தேர்வை நடத்துவது அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கத்தின் சான்றிதழ் அமைப்பு. 1969-ல் இதயநோய்ப் பிரிவு நர்ஸ்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. 1975-ல் சான்றிதழுக்கென்று தனி அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டே முதல் தேர்வும் நடந்துவிட்டது.

கேள்விகளை எழுதுவது யார் தெரியுமா? பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஏற்கெனவே இந்தச் சான்றிதழை வாங்கிய, கேள்வி எழுதப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் எழுதுகிறார்கள். நேற்று வென்டிலேட்டர் அலாரத்துக்கு ஓடியவர், இன்று அதையே கேள்வியாக்குகிறார்! அவர்கள் நினைத்ததையெல்லாம் கேட்டுவிடவும் முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பணியில் இருக்கும் நர்ஸ்களிடமே பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. எந்த நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறீர்கள், எந்த வேலை உயிருக்கு முக்கியம் என்று கேட்டு, அதை வைத்துத்தான் எந்தப் பகுதிக்கு எத்தனை கேள்வி என்று தீர்மானிக்கிறார்கள். அந்தப் பாடத்திட்டம் முழுவதும் தேர்வுக் கையேட்டில் இருக்கிறது. சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சரி, அந்த 25 கேள்விகள் எதற்கு? அவை வெள்ளோட்டம் விடப்படும் புதிய கேள்விகள். நிஜமான தேர்வர்கள் நிஜமான பதற்றத்தோடு அவற்றை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். நன்றாகப் படித்தவர்களே தடுமாறினால் கேள்வியில் கோளாறு என்று அர்த்தம், அது திருத்தத்துக்குப் போகும். ஆக, இன்று தேர்வு எழுதும் ஒவ்வொரு நர்ஸும் நாளை எழுதப்போகும் சக நர்ஸுக்காகக் கேள்வித்தாளைச் சரிபார்த்துக் கொடுக்கிறார். எவ்வளவு அழகான ஏற்பாடு!

தேர்ச்சி மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் கதை இன்னும் ருசியானது. அனுபவசாலிகளின் குழு ஒன்று கூடுகிறது. சரியாகத் தேர்ச்சிக் கோட்டின் மீது நிற்கும் ஒரு நர்ஸைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படிப்பட்ட நூறு பேர் இந்தக் கேள்வியை எழுதினால் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள்? இப்படி ஒவ்வொரு கேள்வியாக மதிப்பிட்டுக் கூட்டி, அதிலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு வருகிறார்கள். இதற்கு ஆங்காஃப் முறை என்று பெயர். வில்லியம் ஆங்காஃப் 1971-ல் எழுதிய நீண்ட கட்டுரையில் இது பற்றிய விளக்கம் இருந்த இடம் ஒரு அடிக்குறிப்பு! உலகம் முழுக்க எத்தனையோ தொழில்முறைத் தேர்வுகளின் தேர்ச்சிக் கோடு அந்த அடிக்குறிப்பிலிருந்து வந்ததுதான்.

இனி படிப்பு மேஜைக்கு வருவோம். நர்ஸ்கள் மத்தியில் சில பெயர்கள் சரளமாகப் புழங்குகின்றன. பேட் ஹுவாரெஸ் எழுதிய பாரன்ஸ் வழிகாட்டி. ராபின் டொனோஹோ டெனிசனின் தடிமனான ‘பாஸ் சி.சி.ஆர்.என்.!’. கேள்விப் பயிற்சிக்கு நிக்கோல் குப்சிக்கின் புத்தகம். லாரா காஸ்பரிஸின் வகுப்பு என்றால் சிரித்துச் சிரித்தே பாடம் மண்டையில் ஏறிவிடும் என்பார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் சங்கத்தின் அதிகாரபூர்வப் பாடநூல், தலையணை கனத்தில். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: தயவுசெய்து வேண்டாம். சந்தேகம் வரும்போது புரட்ட வேண்டிய புத்தகம் அது.

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் மூலைமடிந்து அழுக்கேறிக் கிடக்கும் பக்கம் ஒன்றுதான், ரத்த ஓட்ட அளவீடுகள். நர்ஸ்கள் வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அம்புக்குறிகளாக வரைந்து தள்ளுகிறார்கள். இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதைக் கார்டியாக் இண்டெக்ஸ் சொல்கிறது. இயல்பு நிலையில் அது சுமார் 2.5 முதல் 4. வெட்ஜ் என்பது இதயத்தின் இடப்பக்கம் எவ்வளவு நிரம்பி நிற்கிறது என்பதைக் காட்டும் அழுத்தம், 8 முதல் 12. எஸ்.வி.ஆர். என்பது ரத்தக்குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்ற கணக்கு, 800 முதல் 1,200. இந்த மூன்று எண்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்த்தே, நோயாளியை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளியது எது என்று சொல்லிவிடலாம்!

இந்த ரகத்தில் நானே ஒரு கேள்வி எழுதிப் பார்த்தேன். மாரடைப்பு வந்த 68 வயதுக்காரர். ரத்த அழுத்தம் 88/62. கைகால் சில்லிட்டிருக்கின்றன, நுரையீரலில் நீர் கோத்திருக்கும் சத்தம். கார்டியாக் இண்டெக்ஸ் 1.6, வெட்ஜ் 24, எஸ்.வி.ஆர். 1,700. எந்த உத்தரவை எதிர்பார்ப்பீர்கள்? ஒரு லிட்டர் சலைனா, மெட்டோப்ரோலாலா, ஃபினைலெஃப்ரினா, டோபுடமினா?

ரத்த அழுத்தம் குறைவு என்றதும் கை தானாகச் சலைன் பக்கம் போகும். ஆனால் வெட்ஜ் 24 என்றால் இதயம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, இன்னும் ஊற்றினால் நுரையீரல் மூழ்கும். மெட்டோப்ரோலால் சோர்ந்த இதயத்தை இன்னும் சோர்வாக்கும். ஃபினைலெஃப்ரின் ஏற்கெனவே இறுகிய குழாய்களை மேலும் இறுக்கும். இதயத்தின் தசைக்குத் தெம்பு கொடுக்கும் டோபுடமின்தான் விடை. இதே நோயாளிக்கு எஸ்.வி.ஆர். 500, கார்டியாக் இண்டெக்ஸ் 5, கைகால் கதகதப்பு என்று மாற்றிப் பாருங்கள். நோயே வேறு, கிருமித்தொற்றால் வரும் செப்சிஸ் பக்கம் யோசிக்க வேண்டும். துப்பறியும் கதை தோற்றுப்போகும்!

இந்த எண்களைத் தரும், இதயத்துக்குள் செலுத்தும் ஸ்வான்-கான்ஸ் கதீட்டர் என்ற குழாய் பிறந்ததும் ஒரு கதைதான். 1967-ல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரையில், காற்று அதிகமில்லாத ஒரு நாளில், பெரிய பாய் விரித்த படகு ஒன்று மட்டும் நன்றாக நகர்வதை ஜெரமி ஸ்வான் என்ற இதய மருத்துவர் பார்த்தார். குழாயின் நுனியிலும் ஒரு பாய் கட்டிவிட்டால் ரத்த ஓட்டமே அதை இழுத்துக்கொண்டு போகாதா? சக மருத்துவர் வில்லியம் கான்ஸ் துணையோடு அந்தப் பாய் ஒரு குட்டி பலூனாக மாறியது. 1970-ல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

இவ்வளவையும் கரைத்துக் குடித்தாலும் தேர்வில் சுமார் 80 சதவீதம்தான் ஆயிற்று. மீதி 20 சதவீதம் மனிதர்களைப் பற்றியது. நோயாளிக்கு சி.பி.ஆர். நடக்கிறது, மகள் உள்ளே வர வேண்டும் என்கிறாள். வெளியே அனுப்புவதா? சங்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. கூடவே நின்று விளக்கிச் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு அவளை உள்ளே விட வேண்டும். பலர் புரட்டாமல் தாண்டிப்போகும் பகுதி இது. எனக்கு இந்தத் தேர்வின் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

எப்படிப் படிப்பது என்பதற்கு விஞ்ஞானமே வழி சொல்கிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்கவைத்துச் சோதித்தார்கள். படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்! மஞ்சள் மார்க்கரை மூடிவைத்துவிட்டுக் கேள்விகளில் இறங்கச் சொல்வது இதனால்தான். ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 விநாடிதான் கிடைக்கும். அந்த வேகமும் கேள்வி போட்டுப் போட்டுத்தான் கைவரும்.

நர்ஸ் உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ் எழுதி அமெரிக்கா போயிருக்கும் நம்மூர் சிஸ்டர்களுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அமெரிக்க நர்ஸ் உரிமம் வேண்டும். பணி அனுபவத்தைக் காட்டும் வழிகளில் ஒன்று இது: கடந்த இரண்டு ஆண்டுகளில் ஐ.சி.யூ. நோயாளிகளை நேரடியாகக் கவனித்த 1,750 மணி நேரம் வேண்டும், அதில் 875 மணி நேரம் கடைசி ஓராண்டில் இருக்க வேண்டும். வென்டிலேட்டர் பக்கத்தில் நின்ற ஒவ்வொரு ராத்திரியும் இந்தக் கணக்கில் சேரும் சிஸ்டர்! முதலில் கையேடு, அடுத்து கேள்விகள், தடித்த புத்தகம் கடைசியில். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தேர்வை எழுதிமுடிக்க 90 நாள் அவகாசம்தான் தருவார்கள். அதனால் பயிற்சிக் கேள்விகளில் தெம்பு வந்த பிறகு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த அன்றே டியூட்டி அட்டவணையில் லீவு போட்டுவையுங்கள்.