பழைய மோட்டாரிற் புதுப்பொறி

பழைய இல்லமொன்றிற் புதுவிளக்கை மாட்டுவோர், அஃது எரியாதவிடத்து விளக்கையே பழித்தல் உலகியல்பு. அவ்விளக்கிற்கு மின்சாரத்தைக் கொணரும் கம்பியின் நிலையை ஆராய்வார் சிலரே. பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடத்தும் இவ்வியல்பு காணப்படுகின்றது. அவ்வண்டிகளில் இக்காலத்து மின்னணுப் பொறிமூட்டியைப் பொருத்தியபின் உண்டாகுங் குறைகள் யாவை, அவற்றைக் கண்டறியும் முறை யாது என்பவற்றை ஒரு வண்டியின்மேல் வைத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொண்ட வண்டி, இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பெற்ற எம்.ஜி.பி. என்பதாகும். இதன் இஞ்சின், நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸடர் காரின் பழைய பெட்ரோல் இஞ்சினோடு ஒரே குடியிற் பிறந்தது. ஆதலின் ஈண்டுக் கூறும் பொதுமுறை அதற்கும் ஏற்கும்.

இஞ்சினுள் நெருக்கப்பட்ட பெட்ரோலும் காற்றும் உரிய கணத்தில் ஒரு தீப்பொறியால் எரிதல் வேண்டும். அப்பொறியை எழுப்பப் பாட்டரியின் 12 வோல்ட் அழுத்தம் போதாது. ஆகவே 'காயில்' எனப்படும் சுருளில் மின்சாரத்தைச் செலுத்தித் திடீரெனத் துண்டிக்கின்றனர். துண்டித்த அக்கணமே சுருளின் காந்தவிசை குலைந்து, அதன் மெல்லிய சுற்றுக்களிற் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுகின்றது.

பழைய முறையில் இத்துண்டிப்பைச் செய்தவை, 'டிஸ்ட்ரிபியூட்டர்' என்னும் கலத்தினுள் அமைந்த 'பாயிண்ட்' எனும் இரு உலோக முனைகளாம். இஞ்சின் நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுழலுமாயின் அம்முனைகள் 6,000 முறை திறந்து மூடுதல் வேண்டும். அவை தேய்ந்து கரிதல் வியப்பன்று. புதிய முறையிலோ தேயும் முனைகள் இல்லை. சுழலும் தண்டின்மேற் காந்தம் பதித்த வளையமொன்றும், அதனருகே சிறு பெட்டியொன்றும் அமைகின்றன. 1879-இல் அமெரிக்கரான எட்வின் ஹால் என்பார் கண்ட விளைவினால், காந்தம் கடந்து செல்லுதலை அப்பெட்டி உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கின்றது. பெட்டியினின்று புறப்படும் சிவப்புக் கம்பியைக் காயிலின் நேர்முனையிலும், கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் இணைத்தல் வழக்கம்.

இத்துணை எளிதாயின் குறை எங்ஙனம் நேர்கின்றது? பெட்டி புதிது, அதற்கு மின்சாரம் கொணரும் கம்பிகளோ அரை நூற்றாண்டு கண்டவை. பாயிண்டுகள் அழுத்தக் குறைவை ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். மின்னணுப் பெட்டி பொறாது. ஆகலின் நள்ளிரவில் வண்டி வழியில் நின்றுவிட, உடையவர் பெட்டியைப் பழித்து மற்றொன்று வாங்குவர். அதுவும் அவ்வாறே நிற்கும். பொருளும் போய், வண்டியின்மேல் வைத்த நம்பிக்கையும் போகின்றது.

முதற்கண் நோக்கற்பாலது முனைமுறை. 1967-க்கு முற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்வந்தவற்றில் எதிர்முனை இணைக்கப்பட்டது. ஒன்றிற்குரிய பெட்டியை மற்றொன்றில் மாட்டின் அது கணப்பொழுதிற் கெடும். கீழ்வரும் சோதனைகள் எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளுக்கு உரியன.

இரண்டாவது, மறைந்து நிற்கும் தடைக்கம்பி. பிற்கால வண்டிகளிற் காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைத்தற்பொருட்டு, கம்பிக்கட்டினுள்ளே தடைக்கம்பியொன்று வைக்கப்பட்டது. புறத்தோற்றத்தில் அது ஏனைய கம்பிகளைப் போன்றதே. இஞ்சினைக் கிளப்புங்கால் மட்டும் வேறு வழியே முழு அழுத்தம் வரும். ஆகவே சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை இஞ்சின் ஓடி, கையை விட்டவுடன் அடங்குமாயின், தடைக்கம்பி அற்றது என்றோ, பெட்டிக்கு அழுத்தம் போதவில்லை என்றோ கொள்க. பின்னதற்குப் பரிகாரம், பெட்டியின் சிவப்புக் கம்பியைத் தடைக்கு முன்னரே, சாவியினின்று முழு 12 வோல்ட் வரும் இடத்தில் இணைத்தலாம்.

மூன்றாவது, பலரை ஏமாற்றுவது. வோல்ட் மீட்டர் 12 எனக் காட்டினமையால் கம்பி நன்றென்று துணிதல் தகாது. மின்சாரம் ஓடாதபொழுது, ஒற்றை இழையில் தொங்குங் கம்பியும் முழு அழுத்தத்தைக் காட்டும். தடைக்கம்பியில்லாத வண்டியொன்றில் 3 ஓம் தடையுள்ள காயில் இருப்பதாகக் கொள்வோம். நற்கம்பியாயின் அதில் 4 ஆம்பியர் ஓடும். வழியில் துருப்பிடித்த இணைப்பொன்று 1 ஓம் தடை தருமாயின், மொத்தத் தடை 4 ஓம் ஆகி 3 ஆம்பியரே ஓடும். அவ்விணைப்பில் 3 வோல்ட் வீணாகிக் காயிலுக்கு 9 வோல்ட்டே எஞ்சும். எனவே மின்சாரம் ஓடும்பொழுதே அளத்தல் வேண்டும். காயிலின் எதிர்முனையைச் சிறுபொழுது வண்டியின் உடலோடு ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்புக. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றொன்றைக் காயிலின் நேர்முனையிலும் வைக்க. காட்டும் அளவு வழியில் இழந்த அழுத்தமாம். அரை வோல்ட்டுக்கு மேற்படின் சாவி, இணைப்பு ஒவ்வொன்றாக அளந்து செல்க. இழப்பு எங்கே தோன்றுகின்றதோ அங்கே குறை உளது.

நான்காவது, திரும்பும் வழி. கண்ணுக்குப் புலனாகும் கம்பிகள் இரண்டேயாயினும், பெட்டி தான் அமர்ந்த தகட்டின் வழியாகவே வண்டியின் உடலை எட்டுகின்றது. அத்தகடு சிறிது அசைவது. அதனைக் கலத்தோடு பிணைக்கும் மெல்லிய பின்னற் கம்பி ஆண்டுகள் பலவற்றின் அசைவால் அறுதல் உண்டு. அறின் இஞ்சின் விட்டுவிட்டு இயங்கும். அச்சிறு கம்பியைப் புதுக்கினால் பல வண்டிகள் பிழைக்கும்.

இவற்றோடு, இஞ்சின் ஓடாதபொழுது சாவியைத் திருப்பிய நிலையில் நெடுநேரம் விடுதல் கூடாது. காயிலும் பெட்டியும் சூடேறிக் கெடும். கழற்றிய பாயிண்டுகளை எறிந்துவிடாமல் வண்டியிலேயே வைத்திருத்தல் அறிவுடைமை. ஐயம் எழுந்தவிடத்து அவற்றை மீண்டும் மாட்டி நோக்கலாம். அவற்றோடும் வண்டி ஓடாதாயின் குறை வேறிடத்தது என்பது பெரும்பாலும் தெளிவாம். இவ்வளவும் ஆராய்ந்த பின்னரே பெட்டியைக் குறைகூறல் முறை.

ஏட்டுப் பிரதியில் ஒரு சொல் பொருந்தாதவழி, புலவனைப் பழியாது வேறு பிரதிகளை ஒப்புநோக்குதல் நம் தமிழ்ப் பதிப்பாசிரியர் கைக்கொண்ட நெறி. மோட்டாரிலும் நெறி அதுவே. புதியதன்மேற் பழி சுமத்துமுன், அதனைத் தாங்கி நிற்கும் பழையதன் நிலையை அளந்தறிதல் கடன். அளவாற் பெற்ற அறிவே வழியில் நின்ற வண்டியை வீடு சேர்ப்பது.