கவுண்டிக் கந்தோரில் ஒரு பெயர்

ஒருவரை வீட்டுக்குள் அழைத்து, படுக்கையிற் கிடக்கும் முதியவர் ஒருவரை அவர் கையில் ஒப்படைக்குமுன் அவருடைய பூர்வோத்திரத்தை விசாரித்தறிதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. நமது ஊர்களில் அதற்கு ஏடுகள் வேண்டுவதில்லை. கோயில் வீதியிலும் சங்கக்கடை வாசலிலும் நான்கு பேரைக் கேட்டாற் போதும். எழுத்தில் வேண்டுமாயின், முன்னாளில் விதானையார் நற்சாட்சிப் பத்திரம் தந்தார்; இந்நாளில் கிராம அலுவலர் தருகிறார். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ அயலவரின் வாய்க்குப் பதிலாக ஏடுகளே சாட்சி சொல்லுகின்றன. அந்த ஏடுகள் எங்கே உறைகின்றன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பவற்றை அந்நாட்டின் நாட்டுப்புறத்துக் கவுண்டியொன்றில் நேரிற் கண்டறியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஏடுகள் உறையும் இடம்

கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட ஆட்சிப் பிரிவு. நாடெங்கும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை உள. டெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் 254. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் வாழ்ந்தோர் ஒரு கோடிக்கு மேல். டெக்சாஸின் லவிங் கவுண்டியில் வாழ்ந்தோர் 64 பேர் மாத்திரமே! ஆயினும் காணி உறுதிகளையும் ஈட்டுப் பத்திரங்களையும் பதிந்து காக்கும் பொறுப்பு இரண்டுக்கும் ஒன்றே.

கவுண்டியின் தலையூரில் நீதிமன்றக் கட்டடம் இருக்கும். அதனுள்ளோ அருகிலோ இலிகிதர் கந்தோர் இருக்கும். பல கவுண்டிகளில் அந்த இலிகிதரையும் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். காணி, விவாகம், மரணசாதனம், கடன் வழக்கு, குற்ற வழக்கு ஆகியவற்றின் ஏடுகளுட் பெரும்பாலானவற்றை எவரும் காரணம் கூறாமலே கேட்டுப் பார்க்கலாம். காணி ஏட்டுக்குக் கொடுத்தவர் பெயரில் ஓர் அட்டவணையும் பெற்றவர் பெயரில் இன்னோர் அட்டவணையும் உண்டு.

குற்ற வழக்கைத் தேடுவோர் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கைது செய்த செய்தி ஷெரிப் எனப்படும் காவலதிகாரியிடம் இருக்கும். வழக்கு எவ்வாறு முடிந்தது என்பது நீதிமன்ற ஏட்டில் இருக்கும். முன்னதை மட்டும் பார்த்து ஒருவரைக் குற்றவாளி என முடிவு செய்வது, வழக்கின் முதல் நாளிலேயே தீர்ப்பெழுதுவதை ஒக்கும்.

நாடு முழுவதற்கும் பொதுவாக, எவரும் திறந்து பார்க்கத்தக்க ஒரே குற்றப் பதிவேடு அங்கே இல்லை. மத்திய புலனாய்வுத் துறையின் பதிவேடு பொதுமக்களுக்குத் திறந்ததன்று. மத்திய நீதிமன்றங்களின் வழக்கேடுகளைப் பேசர் என்னும் கணினி வாயிலிற் பக்கத்துக்குப் பத்துச் சதம் கட்டிப் பார்க்கலாம். ஆனால் களவு, அடிதடி போன்ற சாதாரண வழக்குகளோ கவுண்டியில் நடப்பவை. ஆகவே ஒருவர் மூன்று கவுண்டிகளில் வாழ்ந்திருந்தால் மூன்று இடங்களிலும் தேட வேண்டும். நாட்டுப்புறங்களிற் பழைய ஏடுகள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. நேரிற் போக வேண்டும், அல்லது கட்டணத்துடன் கடிதம் எழுத வேண்டும்.

நெருப்பு உண்ட சாட்சி

ஏட்டில் இல்லையென்றால் நடக்கவில்லை என்று கொள்ளவும் இயலாது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது வேர்ஜீனியாவின் கவுண்டிகள் சில, தம் ஏடுகளைப் பாதுகாப்புக் கருதித் தலைநகராகிய றிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரிலில் அந்நகரிற் பரவிய தீயில் அவை எரிந்தன. பாதுகாக்க அனுப்பிய இடமே சுடுகாடாயிற்று! வம்ச வரலாறு தேடுவோர் இத்தகையவற்றை ‘எரிந்த கவுண்டிகள்’ என்று இன்றும் அழைப்பர். 1973 யூலையில் சென் லூயிஸ் நகரக் காப்பகத்தில் மூண்ட தீயோ, 160 முதல் 180 இலட்சம் வரையான படையினரின் சேவைக் கோவைகளை அழித்தது.

ஒரு பெயரும் இருவரும்

என் தங்கை அந்நாட்டின் மத்திய மேற்குப் பகுதியில், சோளவயல்கள் சூழ்ந்த சிற்றூரொன்றில் வாழ்கிறாள். படுத்த படுக்கையான மாமியாரைக் கவனிக்க அவ்வூர்ப் பெண்ணொருத்தியை அமர்த்த எண்ணி, அப்பெண்ணின் எழுத்து மூலமான சம்மதத்துடன், விசாரணைக் கம்பனியொன்றிடம் அறிக்கை கேட்டாள். களவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவள் என அறிக்கை வந்தது. “அது நான் இல்லை” என்பதற்கு மேல் அந்தப் பெண்ணால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அந்த வேலையே அந்த மாதத்து வீட்டு வாடகை.

“அண்ணை, முகத்தைப் பாத்தால் பொய் சொல்லுற ஆளாத் தெரியேல்லை. ஆனால் மாமியை எப்பிடி நம்பி விடுறது?” என்று தங்கை கலங்கினாள். அவ்வேளை நான் அங்கே தங்கியிருந்தேன். மறுநாள் இருவரும் தலையூருக்குச் சென்றோம்.

கந்தோரில் இருந்த முதிய இலிகிதர் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கணினியில் வழக்கின் இலக்கம் மாத்திரம் இருந்தது. கோவை நிலவறையிற் கிடந்தது. அரை மணி நேரத்தில் அதைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். முதற் பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றே. ஆனால் நடுப்பெயரின் முதலெழுத்து வேறு. பிறந்த ஆண்டோ பதினொரு வருடம் முந்தியது. கம்பனி பெயரைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. சில டொலர் கட்டி, முத்திரை பதித்த பிரதியொன்றைப் பெற்றோம். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் வேலைக்கு வந்தாள்.

சட்டத்தின் கை

இத்தகைய கொடுமை நேராதிருக்க 1970இல் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அறிக்கை தருவோர் இயன்றவரை பிழையின்மைக்கு ஆவன செய்ய வேண்டும். வேலை கொடுப்போர் முன்கூட்டியே எழுத்திற் சம்மதம் பெற வேண்டும். அறிக்கையைக் காட்டி வேலை மறுக்குமுன் அதன் பிரதியை உரியவருக்குக் கொடுக்க வேண்டும். ஆயினும் 2011இல், கலிபோர்ணியாவில் கார் வாங்கச் சென்ற ஒருவரைப் பயங்கரவாதிகள் முதலியோரின் அரசாங்கப் பட்டியலில் உள்ளவராயிருக்கலாம் என்று டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் அறிக்கை காட்டிற்று. பெயரை மட்டும் ஒப்பிட்டதன் விளைவு அது. அவரைப்போல் 8,185 பேர் அவ்வழக்கிற் சேர்ந்தனர். 2021இல் உயர்நீதிமன்றம், எவருடைய அறிக்கை பிறர் கைக்குச் சென்றதோ அந்த 1,853 பேருக்கே மத்திய நீதிமன்றத்தில் நட்டஈடு கோரும் தகைமை உண்டெனத் தீர்த்தது.

மற்றொரு புறம், பழைய சிறு குற்றங்களை மூடி வைக்கும் சட்டங்களும் எழுந்துள்ளன. 2018இல் பென்சில்வேனியா மாநிலம், குறித்த காலம் கடந்தபின் அத்தகைய பதிவுகள் தாமாகவே மூடப்படும் முறையை முதன்முதலில் ஏற்படுத்தியது. நீதிமன்றம் மூடிய பக்கம், முன்னரே பிரதியெடுத்து விற்பவரின் பெட்டியில் திறந்தே கிடக்கவும் கூடும். மூல ஏட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, இவ்வாறு விசாரிக்க நேர்வோர் ஆள் வாழ்ந்த இடங்களை முதலிற் கேட்டறிக. ஒவ்வொரு கவுண்டியிலும் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் கொண்டு தேடுக. வழக்கின் முடிவு வரை வாசிக்க. கண்டதை உரியவரிடமே காட்டி விளக்கம் கேட்க. நமக்கு ஒருநாட் பயணம் மிஞ்சும். அந்த ஒருநாளை மிச்சம் பிடித்தால், பெயரொற்றுமை தவிர வேறு குற்றம் செய்யாத ஒருவருடைய அடுப்பு அணைந்து போகலாம்.