கொள்ளேகால் வீடும் ஒரு துருக்கிப் படமும்

துருக்கி நாட்டுப் படம் ஒன்று. பெயர் 'புரொபகாண்டா'. 1999-இல் வந்தது, இயக்கியவர் சினான் செட்டின். நண்பரின் மகன் கொண்டுவந்து கொடுத்ததால், ஒரு ஞாயிறு மாலை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம்.

கதை நடப்பது 1948-இல், சிரியாவை ஒட்டிய ஒரு கிராமத்தில். சுங்க அதிகாரி மெஹ்தி (நடித்தவர் கெமால் சுனால், துருக்கியரின் நாகேஷ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்) தன் சொந்த ஊரின் நடுவிலேயே முள்கம்பி போட்டு எல்லை வகுக்கிறார். உயிர்த்தோழர் ரஹீமின் குடும்பம் கம்பிக்கு அந்தப் பக்கம். இவர் மகனும் அவர் மகளும் காதலர்கள். அடுத்த தெருவுக்குப் போக பாஸ்போர்ட்! உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்ததாம். அந்த எல்லையின் நீண்ட பகுதி பழைய பாக்தாத் ரயில் பாதையை ஒட்டியே போகிறது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நுசைபின், அந்தப் பக்கம் காமிஷ்லி.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அவர் பிறந்தது 1949-இல், கொள்ளேகாலில். அன்று அது சென்னை மாகாணம், கோயம்புத்தூர் ஜில்லா. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைச் சீரமைத்தபோது தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. 1973-இல் மைசூர் கர்நாடகமாயிற்று. 1997-இல் சாம்ராஜநகர் தனி மாவட்டமாயிற்று. தாத்தாவின் ஓட்டு வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தாளவாடிப் பகுதியோ தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டது. கன்னட நடிகர் ராஜ்குமார் பிறந்த காஜனூர் அங்கேதான் இருக்கிறது. என் அத்தையைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பக்கம்தான்.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அப்பாவின் பிறப்புப் பதிவு நகலோடு தமிழ்நாட்டு அலுவலகம் ஒன்றுக்குப் போனோம். "கொள்ளேகால் கர்நாடகம் சார், அங்கே போங்க" என்றார்கள். கர்நாடக அலுவலகத்தில், "இதிலே கோயம்புத்தூர் என்று இருக்கிறதே, அவர்கள்தான் தரவேண்டும்" என்றார்கள். நாலு தடவை அலைந்தோம். நாலாவது தடவை அப்பா மேஜைமுன் நின்று, "நாங்கள் எங்கேயும் போகவில்லை சுவாமி, நீங்கள்தான் வந்தீர்கள், போனீர்கள்" என்று கன்னடத்தில் சொன்னார். குமாஸ்தா சிரித்துவிட்டார். டீகூட வாங்கிக் கொடுத்தார். சான்றிதழ் கிடைக்கவில்லை.

கடைசியில் தாத்தா பெயரிலிருந்த பழைய பஹணி ஒன்று பெட்டியில் அகப்பட, அதை வைத்துச் சான்றிதழ் வந்தது. சேர்க்கைத் தேதி முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. மகள் பெங்களூரிலேயே முழுக் கட்டணம் கட்டிப் படித்தாள். வங்கிக் கடன் இன்னும் தீரவில்லை.

படம் முடிந்ததும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த மெஹ்தியும் பாவம்தானேடா, மேலேயிருந்து உத்தரவு வந்தால் என்ன செய்வான்?" பிறகு தாளவாடிக்குப் போன் போட்டு, தமிழும் கன்னடமும் கலந்து, அத்தைக்கு முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தார். அத்தை சிரிப்பது எனக்கும் கேட்டது.