படிக்கப் போன பிள்ளையும் பூட்டாத கணக்கும்

வைகாசி கருட சேவையன்று விடியற்காலையில் வரதராஜப் பெருமாள் கோபுரவாசலுக்கு எழுந்தருளும்போது, கூட்டத்தில் உயரும் கைப்பேசிகளில் சில, வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கானவை. காஞ்சிபுரத்தில் காலை 5 மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 7.30. சமைத்துக்கொண்டே சேவித்துவிடலாம். ஜெர்மனியில் இருப்பவர்தான் பாவம், அங்கே நள்ளிரவு 1.30.

எந்தச் செயலி என்பதைப் படிக்கும் நாடுதான் முடிவு செய்கிறது. சீனாவில் வாட்ஸ்அப் முடக்கம், எல்லாமே வீசாட். அந்த வீசாட்டையோ 2020 ஜூனில் தடைசெய்த 59 செயலிகளில் ஒன்றாக இந்தியா சேர்த்துவிட்டது. அங்கே மருத்துவம் படிக்கும் மகனும் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் பேசுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆபத்தில் இதே கைப்பேசிதான் கைகொடுத்தது: 2022 மார்ச்சில் உக்ரைனின் சூமி நகரில் சிக்கிய இந்திய மாணவர்கள், எல்லைக்கு நடந்தே போகிறோம் என்று வெளியிட்ட காணொளி நாட்டையே உலுக்கியது. சில நாட்களில் மீட்கப்பட்டார்கள்.

இப்போது கவலை அமெரிக்க விசா. கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களை டிஎஸ்-160 படிவம் 2019 முதலே கேட்கிறது. 2025 ஜூனில் இன்னொன்றும் சேர்ந்தது: எஃப், எம், ஜே விசா கேட்கும் மாணவர்கள் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும். அமெரிக்காவின் மீது பகைமை தெரிகிறதா என்று அதிகாரிகள் தேடுவார்கள். பதினேழு வயதில் அடித்த கிண்டலைப் பகைமையிலிருந்து பிரித்தறிவது யார்? இது கெடுபிடி என்றே எனக்குப் படுகிறது.

வெளியூர் மாணவனின் சச்சரவு அழியாமல் நிற்பது காஞ்சிக்குப் புதிதல்ல. 4-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கடிகை என்னும் கல்விக்கூடத்தில் படிக்க வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரைவீரனோடு தகராறாகி, படிப்பை விட்டு வாளெடுத்துக் கதம்ப அரசையே நிறுவினான். கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டில் அந்தத் தகராறு இன்றும் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் பழைய கணக்குகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கைவிட்டவை உட்பட. விடுபட்டால் விசா மறுக்கப்படலாம் என்று டெல்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகமே சொல்லியிருக்கிறது.