பாக்குவெட்டி மாதிரி ஒரு தோட்டாக் கருவி!

சுட்ட தோட்டாவை மறுபடியும் சுட முடியுமா?

முடியும்! அமெரிக்காவில் 1870-களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். (அதனால் அந்த இனமே அழியும் நிலைக்கு வந்தது வேறு கதை.)

கடைக்குப் போகப் பல நாள் பயணம். ஆகவே, சுட்டபின் பித்தளைக் கூட்டை எறிய மாட்டார்கள். பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். இரவில் நெருப்பு மூட்டி, ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார்கள். கூட்டில் புது மருந்து நிரப்பிக் குண்டைச் செருகுவார்கள்.

1884-ம் ஆண்டில் ஜான் பார்லோ என்பவர் இந்த வேலைக்கான கருவிகள் செய்யவே கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு கம்பெனி தொடங்கினார். அவருடைய கருவி பார்வைக்கு நம் வீட்டுப் பாக்குவெட்டி போல இருக்கும். சிலவற்றில் குண்டு வார்க்கும் அச்சும் சேர்ந்தே இருந்தது.

இன்றும் அங்கே சிலர் அந்தப் பழைய கருவிகளைத் தேடி வாங்கி, பழைய துப்பாக்கிகளுக்குத் தோட்டா செய்கிறார்கள்.

விளையாட்டல்ல இது! அந்தத் துப்பாக்கிகள் கரிமருந்துக்காகச் செய்தவை. "45-70" என்ற தோட்டாவில் 70 கிரெயின், அதாவது சுமார் நாலரை கிராம் கரிமருந்து கூடு நிறைய இருக்கும். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தை அதேபோல நிறையக் கொட்டிவிட்டால்?

துப்பாக்கியே சுடுகிறவர் முகத்துக்கு நேரே வெடித்துவிடும்!

கரிமருந்திலும் தொல்லை உண்டு. ஒரே புகை. அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் துருப்பிடித்துவிடும்.